மஞ்சள் சீட்டு

மஞ்சள் வந்தது. கையை உள்ளே விட்டுக் கலக்கி எடுத்தேன், மஞ்சள்தான் வந்தது. ‘நல்ல கைங்ணா உங்களுக்கு’ என்றான் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ராக்கியண்ணன். அவனுக்கு வெள்ளை. வெள்ளை என்றால் ஒன்றும் கிடையாது, வெறுங்காலோடு நடக்காதீர்கள், தினமும் காலைக் கழுவித் துடையுங்கள் என்று புத்தி சொல்லி அனுப்பிவிடுவார்கள். நீலம் என்றால் மெத்தென்ற ரப்பர் செருப்பு, சிவப்பு என்றால் கால் பயிற்சி, மஞ்சள் என்றால் இரண்டும். நாலு நிறம், நாலு கூட்டம். எல்லோரும் சர்க்கரை வந்து கால் மரத்துப்போனவர்கள். நாலில் எந்தக் கூட்டத்தின் கால் தேறுகிறது என்று பார்ப்பதுதான் எங்களை ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்ன பெண்ணுடைய படிப்பாம், அதற்கு ஒரு கணக்கு இருக்கிறதாம். பெண்ணின் பெயர் மிருதுளா. என் பேத்தி வயது இருக்கும். சில்வர் தூக்குவாளியில் சீட்டுகளைப் போட்டுக் கொண்டு வந்தாள். முதலில் உறையில் போட்டு ஒட்டித்தான் வைத்திருந்தாளாம், நீயே பார்த்து யாருக்கு எதைக் கொடுத்தாயோ என்று போன வாரம் வந்தவர்கள் சண்டைக்குப் போய்விட்டார்கள், அதனால் அவரவர் கையாலேயே எடுக்கட்டும் என்று தூக்குவாளிக்கு வந்துவிட்டாள். தூக்குவாளியின் விளிம்பு விரலில் பட்டபோது சில்லென்று இருந்தது. கையில் இன்னும் தெரிகிறது. காலில்தான் இல்லை. கால் கீழே இருக்கிறது, பார்க்கிறேன், இருக்கிறது, தரையில் வைத்திருக்கிறேன், ஆனால் தரை இல்லை. பஞ்சு மூட்டை மேல் வைத்த மாதிரி, வேறு யாருடைய காலையோ எனக்குத் தூக்கிக்கொண்டு நடக்கக் கொடுத்த மாதிரி. செருப்பை வாசலிலேயே விடச் சொல்லிவிட்டார்கள். அங்கே அறிவிப்புப் பலகையில் ஒரு காகிதம் ஒரு மூலை விட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது, எழுத்துக் கூட்டிப் படிக்கக் கொஞ்ச நேரம் நின்றேன், பாதிக்கு மேல் முடியவில்லை, வந்துவிட்டேன். வரும் வழியெல்லாம் யாரோ நர்ஸ் குதிகால் உயர்ந்த செருப்போடு கூடவே வந்தாள். டிக், டிக் என்று. ஆஸ்பத்திரியில் நோயாளி மட்டும் செருப்பை வெளியே விட வேண்டும், அவர்கள் போட்டுக்கொண்டு நடக்கலாம். திரும்பிப் பார்த்தேன், யாரும் இல்லை. நான் பெஞ்சில் உட்கார்ந்ததும் அந்தச் சத்தமும் நின்றுவிட்டது. அவளும் எங்கோ உட்கார்ந்துவிட்டாள் போலிருக்கிறது.

அப்புறம் தூக்குவாளி பெஞ்சின் அந்தக் கோடிக்குப் போனது, அங்கே சென்னியப்பன் உட்கார்ந்திருந்தான். வரும்போதே பார்த்துவிட்டேன், பார்க்காத மாதிரி இந்தக் கோடியில் உட்கார்ந்தேன். என் பெண்டாட்டி பாவாயியின் தம்பி. அவனுக்கும் சர்க்கரை என்று எனக்கு யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இளைத்திருக்கிறான். கழுத்து எலும்பு தெரிகிறது. கையை விட்டான், எடுத்தான், பிரித்தான். மஞ்சள். அவன் என்னைப் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை, ஆனால் இரண்டு பேருக்கும் தெரிந்துவிட்டது. அந்தப் பெண் குரலை உயர்த்தி எல்லோருக்கும் சொன்னாள்: ‘மஞ்சள், சிவப்பு எடுத்தவங்க கேளுங்க. ஒரே தெருக்காரங்க ரெண்டு ரெண்டு பேரா சேரணுங்க. தினமும் சாயங்காலம் ஒருத்தர் காலை ஒருத்தர் மடியில வெச்சு விரலை மடக்கி நீட்டி விடணும். அப்படியே பாதத்தையும் பாக்கணும். உங்க பாதத்தை உங்களாலயே பாக்க முடியாது, குத்தினாலும் தெரியாது. அதனால கூட்டாளிதான் உங்களுக்குக் கண்ணு.’ கிழவர்கள் எல்லாம் சிரித்தார்கள். ‘பொண்டாட்டிகூட என்ற காலைத் தொட்டதில்லையே அம்மிணி’ என்றது ஒரு குரல். எங்கள் தெருவிலிருந்து வந்திருப்பது நானும் அவனும்தான். தெருவின் மேல்கோடியில் நான், கீழ்க்கோடியில் அவன். அவன் மடியில் என் கால்.

கோடி. இங்கே நினைப்பு எங்கே போனாலும் அங்கேதான் வந்து நிற்கிறது. பெண் செத்தால் பிறந்த வீட்டிலிருந்து கோடிச் சேலை, மடிப்புக் கலையாத புதுச் சேலை, வர வேண்டும், கூடப் பிறந்தவன் கொண்டுவந்து போர்த்த வேண்டும், அதற்கு அப்புறம்தான் எடுப்பார்கள். பாவாயிக்கு இருந்தது ஒரே தம்பி. காலையிலிருந்து அவளைக் கிடத்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். வெயில் ஏறியது, இறங்கியது, பந்தலின் நிழல் அவள் காலிலிருந்து நகர்ந்து சுவருக்குப் போனது, ஈயை விரட்டிக்கொண்டிருந்த என் மகள் பூங்கொடி ‘மாமன் வந்துருவாருப்பா, வந்துருவாரு’ என்று சொல்லிச் சொல்லி அப்புறம் சொல்வதை நிறுத்திவிட்டாள். இருட்டுவதற்குள் எடுத்தாக வேண்டும் என்றார்கள். எடுத்தோம். கோயில் முக்கு திரும்பும்போது அவன் மொபெட்டில் வந்தான். கையில் துணிப்பை. நிறுத்தச் சொன்னான், ‘மச்சான், மச்சான்’ என்றான். தூக்கிப் போகிறவர்கள் என் முகத்தைப் பார்த்தார்கள். ‘நடங்க’ என்றேன். அவ்வளவுதான். நான் சொன்னதில் தப்பில்லை, இன்றைக்கும் இல்லை. ஒரு பகல் முழுக்கப் படுத்துக் காத்திருந்தாள், அவனால் வர முடியவில்லை. ஏன் வரவில்லை என்று யார் யாரோ என்னவோ சொன்னார்கள், ஒன்றையும் நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அன்றைக்கு நான் அழவும் இல்லை. எல்லோரும் அழுதார்கள், எனக்கு மட்டும் எங்கோ தூரத்தில் ஆழ்துளைக் கிணறு தோண்டுகிற ரிக் ஓடுகிற மாதிரி ஒரு இரைச்சல், அவ்வளவுதான். அப்புறம் அவன் வீட்டு வாசலைத் தாண்டிப் போவதில்லை என்று முடிவு செய்தேன். பஸ் நிறுத்தத்துக்குக் கீழ்க்கோடி வழியாகத்தான் போக வேண்டும், நான் பின்சந்து வழியாகச் சுற்றிப் போனேன். சாராயப் பாட்டில் உடைத்துப் போடுகிற சந்து. அங்கேதான் காலில் கண்ணாடி ஏறியது. ஏறியது தெரியவில்லை, வீட்டுக்கு வந்து சிமெண்டுத் தரையில் ஈரமாகத் தடம் விழுந்ததைப் பார்த்துத்தான் தெரிந்தது. அதில் சீழ் வைத்து இடதுகால் சுண்டுவிரலை எடுத்தார்கள். ஆக, என் விரல் போனதற்கும் அவன்தான் காரணம். அவன் வீடு அங்கே இல்லாவிட்டால் நான் எதற்குச் சந்து வழியாகப் போகிறேன். இதை யாரிடமாவது சொன்னால் சிரிப்பார்கள், அதனால் சொல்வதில்லை. இன்னொரு புண் வந்தால் விரலோடு நிற்காது, கணுக்காலுக்கு மேலே எடுக்க வேண்டியிருக்கும் என்று பெரிய டாக்டர் சொல்லியிருக்கிறார். கையால் கோடு போட்டுக் காட்டினார். அவர் விரல் போன இடம் எனக்குத் தெரியவில்லை, பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

நடுவில் ஒரே சலசலப்பு. நீலம் எடுத்த ஒரு அம்மா தன் வீட்டுக்காரருக்குச் சிவப்பு வந்திருக்கிறது, இரண்டு பேரும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று இன்னொருவரிடம் சீட்டை மாற்றிக்கொண்டிருந்தாள். பஸ்ஸில் ஜன்னல் சீட்டு மாற்றுகிற மாதிரி. வெள்ளை வந்தவர்கள் எல்லாம் எழுந்து திரிந்தார்கள். ஒருவர், மஞ்சள் வந்தவன் தனக்கு ஒரு செருப்பைக் கொடுத்தால் போதும், தன்னுடையது ஒரு கால்தான் மரத்திருக்கிறது என்று பேரம் பேசினார். அந்தப் பெண் ஓடி வந்தாள், முகம் சிவந்துவிட்டது. ‘ஐயோ, மாத்திக்கக் கூடாதுங்க. மாத்தினா என் படிப்பே வீணாப் போயிரும்.’ ராக்கியண்ணன் கேட்டான்: ‘ஏன் அம்மிணி, யாருக்கு எது பிடிக்குதோ அதுல இருந்துட்டுப் போறோம். உனக்கென்ன நட்டம்?’ அவள் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: ‘நீங்களா தேடிப் போனீங்கன்னா, சுறுசுறுப்பானவங்க எல்லாம் மஞ்சள்ல போய் உக்காந்துக்குவாங்க. அப்புறம் கால் தேறினது செருப்பாலயா, அவங்க சுறுசுறுப்பாலயான்னு எனக்கு எப்படித் தெரியும்? சீட்டுன்னா எல்லாரும் கலந்து விழுவாங்க. மொதல்ல ஒரே கூட்டத்துக்குள்ள ஆளுக்கு ஆள் எவ்வளவு வித்தியாசம்னு பாப்போம். அப்புறம் கூட்டத்துக்கும் கூட்டத்துக்கும் எவ்வளவு வித்தியாசம்னு பாப்போம். உள்ள இருக்கற வித்தியாசத்தை விட வெளியில இருக்கற வித்தியாசம் நல்லாப் பெருசா இருந்தாத்தான் செருப்போ பயிற்சியோ வேலை செஞ்சுதுன்னு சொல்ல முடியும்.’ அந்தக் கணக்குக்கு ஒரு பெயரும் சொன்னாள். அனோவா என்று காதில் விழுந்தது. வடக்கே லாரியில் போனபோது எங்கோ தண்ணீர் கொடுத்த பெண்ணின் பெயர் மாதிரி இருந்தது. ‘அதுக்கு நாலு எதுக்கு, ரெண்டு ரெண்டாச் சேர்த்து வெச்சுப் பாத்தா ஆகாதா?’ என்றான் ராக்கியண்ணன், அவனுக்கு வாய் சும்மா இருக்காது. ‘தனித்தனியா எடுத்து ஒப்பிட்டுக்கிட்டே போனா, எங்காவது ஒண்ணுல வித்தியாசம் இருக்கற மாதிரித் தெரிஞ்சுரும் தாத்தா. நெசமா இல்லாட்டியும் தெரியும். தேடிக்கிட்டே இருந்தா கெடைச்சுரும்.’ அதற்கு எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்கு அதில் ஏதோ என்னைச் சொன்ன மாதிரி இருந்தது. அவள் என்னைப் பார்க்கக்கூட இல்லை.

உள்ளே இருக்கிற வித்தியாசம். நான் போர் போடுகிற ரிக் லாரியில் இருந்தவன், ஆந்திரா, மத்தியப் பிரதேசம் என்று வருஷத்தில் பாதி நாள் வீட்டில் இருந்ததில்லை. ஒரே காட்டில் இந்த மூலையில் தோண்டினால் தண்ணீர் பீச்சியடிக்கும், பத்தடி தள்ளித் தோண்டினால் புழுதி பறக்கும். அந்தக் காடு நல்ல காடா கெட்ட காடா என்று என்ன சொல்வது. பாவாயியும் அவனும் ஒரே வயிறு. அவள் யாரையும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. நான் ஊரில் இல்லாத மாசங்களில் வீட்டுக்கு நெல் அரைத்துக் கொண்டுவந்து போட்டது, பூங்கொடியைக் காய்ச்சலில் தூக்கிக்கொண்டு ஓடியது எல்லாம் அவன்தான் என்று அவள் சொல்லுவாள். நான் ஏன் இதை இப்போது நினைக்கிறேன். ஒன்றை ஒன்றோடு வைத்துப் பார்த்தால் அப்படித்தான் இழுத்துக்கொண்டு போகும். கோடி விழவில்லை, அது ஒன்று போதும். மற்றதெல்லாம் உள்ளே கிடக்கட்டும். சில சமயம் அவள் முகமே சரியாக வருவதில்லை, மூக்குத்தி வருகிறது, முகம் வருவதில்லை, ஆனால் மொபெட்டில் அவன் வந்து நின்றது வருகிறது, பையின் நிறம்கூட வருகிறது. மஞ்சள் பை. ஜவுளிக்கடை மஞ்சள் பை. கையிலிருந்த சீட்டைப் பார்த்தேன், மடித்தேன்.

‘அண்ணா’ என்றான் ராக்கியண்ணன் காதோரமாக, வெற்றிலை வாசத்தோடு. ‘அந்தாளு உங்க மச்சினன்தானுங்களே. உங்களுக்கு ஆகாதுன்னு ஊருக்கே தெரியும். எங்கிட்டக் குடுத்துருங்க. நான் வெள்ளையைத் தர்றேன். அந்தப் புள்ளைக்கு நாம எல்லாரும் ஒரே மாதிரிக் கெழடு, யாரு யாருன்னு தெரியப் போகுதா?’ நான் பேசாமல் இருந்ததை அவன் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு முழங்கால் மேல் கையை விரித்து வைத்தான், உள்ளங்கையில் வெள்ளைச் சீட்டு. வெள்ளை எடுத்துக்கொண்டால் யாரும் என் காலைத் தொட வேண்டியதில்லை. புத்திமதி கேட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம், சந்து வழியாக. தாகமாக இருந்தது, எழுந்து குழாய்க்குப் போனேன். டிக், டிக். அந்த நர்ஸ் மறுபடியும் எழுந்துவிட்டாள். குழாயடியில் ஒற்றைக்காலோடு ஒரு ஆள், என்னை விட இளையவன், மடித்துக் குத்தின பேண்ட் காலுக்குக் கீழே ஒன்றும் இல்லை, கட்டையைக் கக்கத்தில் கொடுத்துக்கொண்டு தண்ணீர் குடித்தான், தண்ணீர் தாடையில் வழிந்தது, துடைக்க அவனுக்குக் கை இல்லை. இரண்டு கையும் வேலையாக இருந்தது. பயப்பட வேண்டும் என்று தெரிந்தது. வயிற்றில் ஏதாவது நடக்கும் என்று நின்று பார்த்தேன். நடக்கவில்லை. தண்ணீரைக் குடித்துவிட்டுத் திரும்பினேன். டிக், டிக். ராக்கியண்ணன் கை இன்னும் விரித்தபடியே இருந்தது. என் சீட்டை நீட்டினேன், அவன் விரல் அதில் பட்டது, அப்போது அந்தப் பெண் கதவைத் திறந்து கூப்பிட்டாள்: ‘வையாபுரி ஐயா, சென்னியப்பன் ஐயா. மஞ்சள். ரெண்டு பேரும் சேந்து வாங்க.’ சேர்ந்து. ராக்கியண்ணன் சட்டென்று கையை இழுத்துக்கொண்டான். சீட்டு என் கையிலேயே நின்றுவிட்டது.

அறைக்குள் மின்விசிறி ஓடவில்லை. அமைதியாக இருந்தது. இரண்டு நாற்காலி எதிரும் புதிருமாகப் போட்டிருந்தாள். அவன் ஒன்றில் உட்கார்ந்தான். நான் நின்றுகொண்டே சொன்னேன்: ‘எனக்கு இது வேண்டாம் அம்மிணி. வெள்ளை குடு.’ ‘மாத்த முடியாதுங்கய்யா. இப்பத்தானே வெளிய சொன்னேன்.’ ‘வேற தெருக்காரனைக் கூட்டாளியாப் போடு.’ ‘தினமும் சாயங்காலம் பாக்கணுமேங்கய்யா, பக்கத்துல இருந்தாத்தானே முடியும்? இஷ்டம் இல்லைன்னா இந்த ஆராய்ச்சியே வேண்டாம்னு நீங்க போயிரலாம், அது உங்க உரிமை. நான் கட்டாயப்படுத்த மாட்டேன். ஆனா உங்க கால் இருக்கற நெலைமைக்கு...’ அவள் முடிக்கவில்லை. ‘அப்பச் சரி, போறேன்’ என்றேன். சீட்டை மேஜை மேல் வைத்தேன். திரும்பி நடந்தேன். டிக். நின்றேன். அறைக்குள் நர்ஸ் யாரும் இல்லை. அந்தப் பெண் செருப்பில்லாமல், சாக்ஸோடு நின்றுகொண்டிருந்தாள். மறுபடி ஒரு அடி வைத்தேன். டிக். எனக்குக் கீழேயிருந்து வந்தது. ‘அம்மிணி, அவரை நிக்கச் சொல்லுங்க’ என்று அவன் குரல். நாற்காலி நகர்ந்தது. அவன் எனக்கு முன்னால் வந்து தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான், மூச்சு வாங்கியது. ‘மச்சான், காலைத் தூக்குங்க.’ நான் தூக்கவில்லை. அவனே கணுக்காலைப் பிடித்துத் தூக்கினான். சுவரைப் பிடித்துக்கொண்டேன். அவன் கை பட்டதும் தெரியவில்லை, பிடித்திருக்கிறான் என்று கண்ணால்தான் பார்த்தேன். நகத்தைக் கொடுத்து எதையோ நெம்பினான். பலகையில் காகிதம் குத்துகிற பித்தளைத் தலைப் பின், முழுசாக உள்ளே போயிருந்தது, தலை மட்டும் வெளியே பளபளவென்று நடந்து நடந்து தேய்ந்திருந்தது. பிடுங்கியதும் ரத்தம் வந்தது, நிதானமாக, அவசரம் இல்லாமல். அவன் தோளில் கிடந்த புதுத் துண்டை எடுத்து அழுத்திப் பிடித்தான். வெள்ளைத் துண்டு, மடிப்புக்கூடக் கலையாதது. அதில் சிவப்புப் பரவுவதைப் பார்த்தேன். துணியைத்தான் பார்த்தேன்.

மிருதுளா ஓடிவந்து உட்கார வைத்தாள், மருந்து போட்டுக் கட்டினாள். ‘வலிக்குதுங்களா?’ ‘இல்லை.’ ‘வாசல்லயிருந்தே இதோடவா நடந்து வந்தீங்க?’ அவள் மேஜையிலிருந்த மஞ்சள் சீட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். கதவு அங்கேதான் இருந்தது. கட்டுப் போட்ட காலைத் தரையில் வைத்துப் பார்த்தேன், சத்தம் வரவில்லை, தரையும் வரவில்லை. நான் எழுந்திருக்கவில்லை. அவள் சீட்டை எடுத்து என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு, ‘அவரு உங்களைப் பாத்துட்டாருங்க. இப்ப அவரு காலை நீங்க பாக்கணும்’ என்றாள். சென்னியப்பன் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து வலதுகாலை நீட்டினான், பாதியில் நிறுத்தினான். நான் குனிந்து அதை எடுத்து என் தொடை மேல் வைத்தேன். கனமாக இருந்தது. சூடாக இருந்தது. பாவாயிக்கும் இப்படித்தான், கட்டைவிரலை விட இரண்டாம் விரல் நீளம். இதை நான் மறந்திருந்தேன். அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ‘என்ன தெரியுதுங்க?’ என்றாள் பெண். ‘குதிகால்ல வெடிப்பு இருக்குது, ஆழமா. அவங்கிட்டச் சொல்லு. வெளக்கெண்ணெய் போடோணும்.’ ‘அவரு இங்கயேதான இருக்காரு, நீங்களே சொல்லுங்களேன்.’ ‘நீ சொல்லு.’ அவள் வாயைத் திறப்பதற்குள் அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: ‘வெளக்கெண்ணெய் ஊட்டுல இல்லைன்னு சொல்லுங்க அம்மிணி.’ ‘நாளைக்குச் சாயங்காலம் கொண்டாறேன்னு சொல்லு.’ அந்தப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்புறம் அவன் சொன்னான், அதே சுவரைப் பார்த்து: ‘வந்தா நேர் வழியா வரச் சொல்லுங்க. சந்துல கண்ணாடி கெடக்குது.’

இன்னொரு காலையும் எடுத்து வைக்கச் சொல்லு அம்மிணி, அதையும் பார்க்கணும் என்று மட்டும் அவளிடம் சொன்னேன்.